கோபன்ஹேகன் கடற்கன்னி: கழுத்துக்கு மேலே ஒரு கதை, கீழே ஒரு கதை

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன் துறைமுகத்தில் இருக்கும் கடற்கன்னிச் சிலையின் தலை அசல் தலை அல்ல என்கிறார்களே, அது உண்மையா என்பதும், ஓர் ஆள் உயரம்கூட இல்லாத சிலைக்கு இவ்வளவு புகழ் எப்படி வந்தது என்பதும் உங்கள் கேள்விகள். முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: உண்மைதான். 1913இல் வைக்கப்பட்ட சிலையின் தலை 1964இல் அறுத்துச் செல்லப்பட்டது, அது இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது அதற்குப் பிறகு வார்த்துப் பொருத்திய தலை, அதுவும் 1998இல் ஒரு முறை அறுபட்டுத் திரும்பி வந்த தலை. ஆனால் இந்தச் சிலையில் தலையும் உடலும் தொடக்கத்திலிருந்தே வேறு வேறாகத்தான் இருந்தன. அதைச் சொன்னால்தான் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைக்கும் என்பதால் சற்றுப் பின்னோக்கிப் போகிறேன்.

சிலைக்கு அடிப்படையான கடற்கன்னிக் கதையை டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் வெளியிட்டது 1837இல். அப்போது நம் தரங்கம்பாடியில் டென்மார்க்கின் கொடிதான் பறந்துகொண்டிருந்தது, ஆங்கிலேயருக்கு அவர்கள் அதை விற்க இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. கார்ட்டூன் படங்கள் வழியாக மட்டும் இக்கதையை அறிந்தவர்கள் இது திருமணத்தில் முடிவதாக நினைத்திருப்பார்கள். ஆண்டர்சன் எழுதிய கதையில் திருமணம் உண்டு, ஆனால் மணப்பெண் வேறொருத்தி. புயலில் மூழ்கிய இளவரசனைக் காப்பாற்றிய கடற்கன்னி, அவனோடு வாழ்வதற்காகவும் மனிதர்களுக்கு மட்டுமே உண்டு என்று தான் கேள்விப்பட்ட அழியாத ஆன்மாவைப் பெறுவதற்காகவும், கடல் சூனியக்காரியிடம் போகிறாள். வாலுக்குப் பதில் கால்கள் கிடைக்கின்றன, விலையாக நாக்கு அறுக்கப்படுகிறது. எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் கத்தி முனையில் நடப்பது போல வலிக்கும் என்பது ஒப்பந்தத்தின் இன்னொரு பகுதி. தன்னைக் காப்பாற்றியவள் யார் என்று தெரியாமலே இளவரசன் வேறொரு பெண்ணை மணக்கிறான். அக்காமார்கள் தங்கள் கூந்தலைக் கொடுத்து ஒரு கத்தியை வாங்கி வருகிறார்கள், விடியுமுன் அவனைக் குத்திக் கொன்றால் மீண்டும் வால் வந்துவிடும் என்கிறார்கள். அவள் கத்தியைக் கடலில் எறிந்துவிட்டுத் தானும் குதித்து நுரையாகிறாள். அப்படியும் கதை முடியவில்லை. காற்றின் மகள்களில் ஒருத்தியாகி, 300 ஆண்டுகள் நற்செயல் செய்தால் ஆன்மா கிடைக்கும் என்ற வாக்குறுதியோடு மேலே எழுகிறாள். பேச முடியாதவள், நடந்தால் வலிப்பவள், ஆணுக்காக எல்லாவற்றையும் கொடுத்தும் அவன் கண்ணில் படாதவள்: சிலையின் முகத்தில் ஏன் சிரிப்பு இல்லை என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

ஆண்டர்சன் 1875இல் இறந்துவிட்டார். ஆகவே சிலைக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை, அரசாங்கம் எழுப்பிய நினைவுச்சின்னமும் அல்ல இது. இதன் பின்னால் இருப்பவர் ஒரு பீர் ஆலை முதலாளி. கார்ல்ஸ்பர்க் ஆலையை 1847இல் தொடங்கிய யா. சி. யாகோப்சன், ஐந்து வயது மகன் கார்லின் பெயரையும் ஆலை இருந்த மேட்டையும் சேர்த்துத்தான் அதற்குப் பெயர் வைத்தார். 'பெர்க்' என்றால் குன்று. அந்த மகன் வளர்ந்து தந்தையோடு மோதிக்கொண்டு, பக்கத்திலேயே 'புதிய கார்ல்ஸ்பர்க்' என்று தனி ஆலை நடத்தினார் என்பது தனியாக எழுத வேண்டிய குடும்பக் கதை. பீரில் வந்த பணத்தைக் கார்ல் யாகோப்சன் சிற்பங்களில் கொட்டினார். கிரேக்க, ரோமானியச் சிலைகளும் பிரெஞ்சுச் சிற்பி ரோடானின் படைப்புகளும் நிறைந்த நி கார்ல்ஸ்பர்க் கிலிப்டோடெக் அருங்காட்சியகம் அவர் சேர்த்ததுதான். சிற்பம் என்பது கட்டணம் கொடுத்து உள்ளே வருபவர்களுக்கு மட்டும் உரியதல்ல, வெளியில் நடந்து போகிறவர்களின் கண்ணிலும் பட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது, நகரின் பூங்காக்களுக்குப் பல சிலைகளை வாங்கிக் கொடுத்தார். கடற்கன்னியும் அந்த வரிசையில் வந்த ஒரு நன்கொடைதான். அது வைக்கப்பட்டபோது, நகரத்தின் அடையாளமாக அதுவே ஆகப் போகிறது என்று யாரும் திட்டமிட்டிருக்க வாய்ப்பில்லை.

1909இல் கோபன்ஹேகனின் அரச நாடக அரங்கில் இந்தக் கதை பாலே நடனமாக அரங்கேறியது. நடன அமைப்பு ஹான்ஸ் பெக், இசை ஃபினி ஹென்ரிக்கேஸ், கடற்கன்னியாக ஆடியவர் எல்லன் பிரைஸ். அதைப் பார்த்த யாகோப்சன் மனம் பறிகொடுத்து, இந்தப் பாத்திரத்தை வெண்கலத்தில் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார். பணியை எட்வர்ட் எரிக்சன் என்ற சிற்பியிடம் ஒப்படைத்தார். எல்லன் பிரைஸ் மாதிரியாக அமர ஒத்துக்கொண்டார், ஆனால் ஆடையின்றி அமர மறுத்துவிட்டார். அரச நாடக அரங்கின் முதன்மை நடனக்காரி, தன் நிர்வாணம் நகரத்தின் பொது வெளியில் நிரந்தரமாக இருப்பதை விரும்பாததில் வியப்பில்லை. சிற்பி அதற்குக் கண்ட வழி, தன் மனைவி எலினே எரிக்சனையே உடலுக்கு மாதிரியாக அமர்த்திக்கொண்டது. அதனால்தான் முகம் ஒருத்தியுடையது, உடல் இன்னொருத்தியுடையது என்று சொல்லும் வழக்கம் வந்தது. நடனம் ஆடியவரின் பெயர் சிலையோடு எப்போதும் சேர்ந்தே வருகிறது. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்த மனைவியின் பெயர் இரண்டாவதாகத்தான் வருகிறது. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகப் படும்.

சிற்பிக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது: வாலா, காலா? கதையில் கடற்கன்னிக்கு முதலில் வால், பிறகு கால்கள். மேடையில் ஆடியவருக்கோ கால்கள் இருந்தே தீர வேண்டும். எரிக்சன் இரண்டையும் விடவில்லை. படங்களில் பார்த்துவிட்டு இவளுக்கு மீன் வால் இருப்பதாக நம்புகிறவர்கள் நிறையப் பேர். நெருங்கிப் பார்த்தால் தொடை, முழங்கால், கெண்டைக்கால் எல்லாம் மனிதப் பெண்ணுடையவை. மடக்கிய கால்கள் ஒருபுறமாகச் சாய்ந்திருக்க, கணுக்காலுக்குப் பக்கத்திலிருந்து மெல்லிய துடுப்புகள் புறப்பட்டுப் பாதங்களைத் தாண்டிப் பாறைமேல் படிந்து கிடக்கின்றன. ஒரு கையைப் பின்னால் பாறையில் ஊன்றி, மறு கையைத் தொடைமேல் போட்டு, தலையைச் சற்றே தாழ்த்தியிருக்கிறாள். கதையின் எந்தக் கட்டம் இது என்று சிலையில் எங்கும் எழுதி வைக்கவில்லை. வால் போய்க்கொண்டிருக்கிறதா, கால் வந்துகொண்டிருக்கிறதா என்று சொல்ல முடியாத அந்த இடைநிலையைப் பிடித்ததுதான் எரிக்சனின் திறமை என்பது என் கருத்து. மற்றபடி உலகச் சிற்பக் கலையின் உச்சங்களில் ஒன்று என்று இதைச் சொல்ல மாட்டேன். அக்காலத்து ஐரோப்பியப் பாணியில் பழுதில்லாமல் செய்த நல்ல வேலை.

உயரம் 1.25 மீட்டர், எடை 175 கிலோ. 1913 ஆகஸ்ட் 23 அன்று லாங்கெலினியே என்ற கடலோர நடைபாதையில், காஸ்தெல்லெட் என்ற பழைய கோட்டைக்கு அருகே, கரையோரத்துக் கருங்கற்பாறைகளின் மேல் சிலை வைக்கப்பட்டது. பீடம் இல்லை, வேலி இல்லை, காவலர் இல்லை. கரையிலிருந்து நாலைந்து கற்களைத் தாண்டினால் தொட்டுவிடலாம். நடைபாதையின் தொடக்கத்தில், அங்கிருந்து நடந்து போகும் தொலைவிலேயே, 1908இல் கார்ல்ஸ்பர்க் அறக்கட்டளை கொடுத்த கெஃபியோன் நீரூற்று இருக்கிறது. ஏர் பூட்டிய எருதுகளை ஒரு பெண் தெய்வம் ஓட்டிச் செல்லும் பிரம்மாண்டமான சிற்பம் அது. அதைப் பார்த்துவிட்டு இங்கே வருபவர்கள் ஏமாற்றம் அடைவது இயல்புதான். ஆனால் அதன் அளவுக்குப் பெரிதாக, உயரமான மேடையில் வைத்திருந்தால் இவள் இன்னொரு நகரச் சிலையாகத்தான் போயிருப்பாள். கைக்கெட்டும் தூரத்தில், தனியாக, தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் என்பதுதான் பார்ப்பவரைப் பிடிக்கிறது. இவளுக்கு வந்த கேடுகள் எல்லாமும் அதே வழியில்தான் வந்தன. யாகோப்சன் அவற்றில் எதையும் பார்க்கவில்லை. சிலை திறந்து ஐந்து மாதம் ஆவதற்குள், 1914 ஜனவரியில் அவர் காலமானார்.

அடுத்த அரை நூற்றாண்டு பெரும்பாலும் அமைதியாகவே போனது. கப்பலில் வந்து இறங்கும் பயணிகளின் கண்ணில் பட்டாள், அஞ்சலட்டைகளில் ஏறினாள், ஆண்டர்சன் கதைகள் போன நாடுகளுக்கெல்லாம் அவள் படமும் போனது. 1960களின் தொடக்கத்தில் ஒன்றிரண்டு முறை யாரோ வண்ணம் பூசினார்கள், கழுவிவிட்டார்கள்.

1964 ஏப்ரல் 24இல் நடந்தது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இரவில் யாரோ வந்து, இரும்பறுக்கும் வாளால் கழுத்தை அறுத்துத் தலையை எடுத்துப் போய்விட்டார்கள். காலையில் தலையில்லாத உடல் பாறைமேல் உட்கார்ந்திருந்த காட்சி டென்மார்க்கை எப்படி உலுக்கியது என்பதற்கு ஒரு தகவல் போதும்: கோபன்ஹேகன் காவல்துறையில் இதை விசாரித்தது கொலைக் குற்றப் பிரிவு. வெண்கலத் திருட்டாக யாரும் இதை எடுத்துக்கொள்ளவில்லை, தங்கள் வீட்டுப் பெண்ணைக் கொன்றுவிட்டது போலப் பேசினார்கள். உலகப் பத்திரிகைகளும் அப்படியே எழுதின. சந்தேகம் 'சூழ்நிலைவாதிகள்' என்ற தீவிரக் கலைக் குழுவோடு தொடர்புடையவர்கள் மேல் விழுந்தது. வாழ்க்கையையே வேடிக்கைப் பொருளாக்கி விற்கும் நுகர்வுச் சமூகத்தைக் கிண்டல் செய்வது அவர்களுடைய அரசியல். சுற்றுலா வணிகத்தின் முகமாக மாறியிருந்த ஒரு சிலை அவர்களுக்கு நல்ல இலக்கு. ஓவியர் ஆஸ்கர் யோர்னின் தம்பியும் கவிஞருமான யோர்கன் நாஷ் பின்னாளில் இது தன் வேலைதான் என்று உரிமை கொண்டாடினார். கலகக்காரராகப் பெயர் எடுப்பதில் ஆசை கொண்ட ஒருவர் தானாக முன்வந்து தரும் வாக்குமூலத்தை எவ்வளவு நம்புவது என்பது வேறு கேள்வி. தலை மட்டும் கிடைக்கவில்லை. சிற்பியின் பழைய அச்சு இருந்ததால் அதிலிருந்து புதிய தலையை வார்த்துப் பொருத்தினார்கள். எரிக்சன் 1959இலேயே இறந்துவிட்டிருந்தார், இதைப் பார்க்கும் துயரம் அவருக்கு நேரவில்லை.

அழகிய நகரச் சிலையாக இருந்தவளை ஒரு நாட்டின் அடையாளமாக மாற்றியது அந்த இரவுதான் என்று நினைக்கிறேன். அதற்கு முன் பார்த்து ரசித்தார்கள், அதற்குப் பின் கவலைப்படத் தொடங்கினார்கள். கவலைப்படுவதற்கு மேலும் மேலும் காரணங்களும் கிடைத்தன. 1984இல் இரண்டு இளைஞர்கள் வலது கையை அறுத்துக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்துத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். 1990இல் மறுபடி தலையை எடுக்க முயன்றவர்கள் கழுத்தில் 18 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டிவிட்டு, முடிக்காமல் போனார்கள். 1998 ஜனவரி 6 அன்று வந்தவர்கள் முடித்தார்கள். ஆனால் இம்முறை தலை சில நாட்களில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் வாசலில் கிடந்தது, வைத்தது யார் என்று தெரியவில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் பழையபடி பற்றவைத்தார்கள். 2003 செப்டம்பரில் யாரோ வெடிவைத்துச் சிலையையே பாறையிலிருந்து பெயர்த்துத் தண்ணீரில் தள்ளினார்கள்.

இவற்றோடு ஒப்பிட்டால் வண்ணப்பூச்சுகள் சிறிய தொல்லைதான், எண்ணிக்கைதான் அதிகம். 2004இல் துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதை எதிர்த்தவர்கள் புர்காவைப் போர்த்திவிட்டுப் போனார்கள். 2017 மே மாதம் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாரோ தீவுகளின் திமிங்கில வேட்டையைக் கண்டித்து ஒரு குழு தலை முதல் கால் வரை சிவப்பு வண்ணத்தில் நனைத்தது, அந்தக் கறை நீங்கிய சில நாட்களிலேயே வேறொருவர் நீலமும் வெள்ளையும் ஊற்றினார். 2020 ஜனவரியில் ஹாங்காங்குக்கு விடுதலை கோரும் வாசகம் பாறையில் எழுதப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் 'இனவாத மீன்' என்று யாரோ எழுதினார்கள், அதன் பொருள் ஆண்டர்சன் ஆய்வாளர்களுக்கே புரியவில்லை. 2023இல் பாறையில் ரஷ்யக் கொடியின் நிறங்கள் தோன்றின. இவற்றில் மிகச் சிலவற்றுக்கே கடற்கன்னியோடு நேரடிப் பகை இருந்திருக்கும். ஊர் முச்சந்திச் சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவனுக்குச் சுவரின் மேல் கோபம் கிடையாது, நாலு பேர் பார்ப்பார்கள் என்பதுதான் கணக்கு. இங்கே அந்த நாலு பேர் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

அப்படியானால் கையெட்டாத இடத்துக்கு நகர்த்திவிடக் கூடாதா என்று கேட்கலாம். 2006, 2007 வாக்கில் கரையிலிருந்து இன்னும் கடலுக்குள் தள்ளி வைக்கும் யோசனையை நகராட்சி பரிசீலிக்கவே செய்தது. தாக்குகிறவர்கள் மட்டும் காரணம் அல்ல. படம் எடுப்பதற்காக அவள் மடியிலும் தோளிலும் ஏறுகிற சுற்றுலாப் பயணிகளும் காரணம். ஆனாலும் சிலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. எட்ட முடியாத தூரத்தில் வைத்தால் அது வேறு சிலை ஆகிவிடும் என்பதால், நகர்த்தாததே சரி என்பேன்.

உண்மையில் அவள் ஒரே ஒரு முறை அந்த இடத்தை விட்டு அதிகாரபூர்வமாகப் பயணம் போயிருக்கிறாள். 2010இல் ஷாங்காயில் நடந்த உலகக் கண்காட்சிக்கு டென்மார்க் தன் அரங்கின் நடுவே நகலை வைக்காமல் அசல் சிலையையே அனுப்பியது. சீனாவில் ஆண்டர்சன் கதைகளுக்கு இருக்கும் செல்வாக்கு அதற்கு ஒரு காரணம். நாட்டின் சொத்தைப் பெயர்த்து அனுப்புவதா என்று எதிர்ப்புக் கிளம்பியது, நகரமன்றம் விவாதித்துத்தான் ஒப்புதல் கொடுத்தது. மார்ச் மாதம் கிரேன் மூலம் தூக்கப்பட்ட சிலை நவம்பரில் திரும்பியது. இடைப்பட்ட மாதங்களில் லாங்கெலினியேவுக்கு வந்தவர்கள் ஏமாறக் கூடாது என்று, ஷாங்காயில் அவள் உட்கார்ந்திருக்கும் காட்சியை நேரலையாகக் காட்டும் திரையை அங்கே வைத்தார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் சீனக் கலைஞர் ஐ வெய்வெய். கண்காணிப்புக் கேமராவை ஒரு கலைப் பொருளாக ஆக்கிய அந்த மனிதர், மறு ஆண்டே தன் நாட்டில் கைது செய்யப்பட்டார்.

கடைசியாக, தலையைப் பற்றிய கேள்வி போலவே அடிக்கடி எழும் இன்னொன்று: இந்தச் சிலை யாருக்குச் சொந்தம்? வெண்கலம் நகரத்துக்குச் சொந்தம், உருவத்தின் பதிப்புரிமை சிற்பியின் வாரிசுகளுக்கு. ஐரோப்பியச் சட்டப்படி படைப்பாளி இறந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுகள் கணக்கிடுவதால், அந்த உரிமை 2029 முடியும்வரை நீடிக்கும். வாரிசுகள் அதில் விட்டுக்கொடுப்பவர்கள் அல்லர். டென்மார்க்கிலிருந்து குடியேறியவர்கள் வாழும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஊரான கிரீன்வில்லில் ஆற்றங்கரையில் வைத்திருந்த சிறிய கடற்கன்னிக்குக்கூட 2009இல் உரிமத் தொகை கேட்டுக் கடிதம் போனது, பிறகு அந்தக் கோரிக்கை கைவிடப்பட்டது. பெரிய வழக்கு 'பெர்லிங்ஸ்கே' நாளிதழோடு நடந்தது. அந்த இதழ் 2019இல் சிலையைப் பிணப்பேய் முகத்தோடு கேலிச்சித்திரமாக வரைந்திருந்தது, 2020இல் கொரோனா முகக்கவசம் அணிந்த சிலையின் படத்தைப் போட்டிருந்தது. வாரிசுகளின் வழக்கில் கீழ் நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும் இதழுக்கு எதிராகவே தீர்ப்பளித்தன, இழப்பீடு 3 லட்சம் குரோனர் வரை போனது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கேலிக்கும் கருத்துச் சுதந்திரத்துக்கும் இடம் கொடுத்து, இரண்டு படங்களும் பதிப்புரிமையை மீறவில்லை என்று சொன்னது. நாட்டின் சின்னமாகவே ஆகிவிட்ட ஒன்றை வரைந்து விமர்சிக்க அந்த நாட்டின் நாளிதழுக்கு உரிமை இல்லை என்றால் அது விந்தையாக இருந்திருக்கும்.

நேரில் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பேருந்துக் கூட்டம் வந்து சேருமுன் காலையிலேயே போய்விடுங்கள். பெரும்பாலானோர் முகத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த முகம் 1964இல் தலை அறுபட்ட பிறகு வந்தது. எரிக்சனின் யோசனையைப் பார்க்க வேண்டுமானால் கணுக்காலைப் பாருங்கள், தோலும் துடுப்பும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதாக இருக்காது.